பெரிய இடத்து ஆளுன்னு சொன்னதும் ஏன் யாரும் கேள்வி கேக்க மாட்டேங்குறாங்க?

ஒரு வாசகர் கேட்டது: இளவரசன்னு சொல்லி, கோடீஸ்வரர் மகள்னு சொல்லி, மந்திரிக்கு ரொம்ப வேண்டியவர்னு சொல்லி ஏமாத்துறவங்க கதை தினமும் ஒண்ணு வந்துட்டே இருக்கு. ஏமாந்தவங்க எல்லாம் பேராசை பிடிச்சவங்கதானே? பெரிய மனுஷன் பக்கத்துல நின்னா நாலு காசு பாக்கலாம்னு போய் நிக்கிறாங்க, அவன் பட்டை நாமம் போட்டுட்டு போயிடுறான். இதுல பரிதாபப்பட என்ன இருக்கு?

ஜூன் 4, இரவு

இல்லைங்க, ஒத்துக்க முடியல. பேராசை இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா வெறும் பேராசையை மட்டும் வெச்சு இந்த மோசடி ஓடாது. இது ஓடுறது மரியாதையால. பெரிய மனுஷன்கிட்ட ஆதாரம் கேக்க நமக்கு நாக்கு கூசும் பாருங்க, அதுதான் அவனோட மூலதனமே.

கேஸி சாட்விக் கதையை எடுத்துக்கோங்க. கனடாவுல பொறந்த பொம்பளை, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துக்கு வந்து செட்டில் ஆனவ, நிஜப் பேரு எலிசபெத் பிக்லி. 1900ஐ ஒட்டின வருஷங்கள்ல, தான் இரும்பு வியாபாரத்துல பெரும் பணக்காரரான ஆண்ட்ரூ கார்னெகிக்கு கல்யாணத்துக்கு வெளியில பொறந்த மகள்னு ஒரு கதையை பரப்பினா. பரப்பின விதத்தைப் பாருங்க. ஒரு வக்கீலை நியூயார்க்குக்கு கூட்டிட்டு போய் கார்னெகி வீட்டு வாசல்ல வண்டியில உக்கார வெச்சுட்டு, தான் மட்டும் உள்ள போனா. உள்ள போய் வீட்டு நிர்வாகம் பாக்குற அம்மாகிட்ட ஏதோ ஒரு வேலைக்காரியைப் பத்தி விசாரிக்கிற மாதிரி பேசிட்டு வெளிய வந்தா. வரும்போது கையில இருந்து ஒரு தாள் "தவறி" விழுந்துச்சு, வக்கீல் எடுத்துப் பாத்தா கார்னெகி கையெழுத்து போட்ட 20 லட்சம் டாலர் கடன் பத்திரம். எல்லாம் இவளே எழுதினது. அப்புறம், ஐயோ இது ரகசியம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு வேற சொல்லி வெச்சா. ரகசியம்னா எவ்ளோ வேகமா பரவும்னு அவளுக்குத் தெரியாதா என்ன.

பேங்க்காரங்க வரிசை கட்டி கடன் குடுத்தாங்க. இதுல ஒருத்தன் கூட கார்னெகிகிட்ட போய் "ஐயா இது உங்க கையெழுத்தா"ன்னு கேக்கல. எப்படிங்க கேப்பாங்க? உலகத்துலயே பெரிய பணக்காரர்ல ஒருத்தர், அவர் முன்னாடி போய் நின்னு உங்களுக்கு வெளியில ஒரு மக இருக்காளாமேன்னா கேக்க முடியும்? அந்தக் கூச்சத்தைத்தான் அவ காசாக்கினா. 1904ல குட்டு உடைஞ்சதும் ஓபர்லின்ங்கிற சின்ன ஊர்ல இருந்த பேங்க் மூடியே போச்சு. அந்த பேங்க்ல காசு போட்டு வெச்சிருந்த சாதாரண ஜனங்களுக்கு என்ன பேராசை? அவங்க அவளைப் பாத்தது கூட கிடையாது.

ஜூன் 5, காலை

ரகசியம்னு மேல எழுதினேன் இல்ல, ராத்திரி பூரா அதே யோசனை. இந்த வகை மோசடி எதை எடுத்தாலும் "யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு ஒரு வரி எங்கயாவது வந்துடும். பிரான்ஸ்ல தெரேஸ் ஹம்பெர்ட்னு ஒருத்தி, க்ராஃபோர்டுன்னு ஒரு அமெரிக்க கோடீஸ்வரர் ரயில்ல உயிருக்குப் போராடும்போது தான் காப்பாத்தினதாவும் அதுக்கு நன்றியா சொத்து எழுதி வெச்சதாவும் சொன்னா. அந்தப் பத்திரம் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில இருக்கு, க்ராஃபோர்டோட சொந்தக்காரங்க கூட கேஸ் நடக்குது, கேஸ் முடியுற வரைக்கும் திறக்கக்கூடாது. கேஸ் நிஜமாவே நடந்துச்சு! ரெண்டு பக்கமும் இவங்களே ஆள் வெச்சு வருஷக்கணக்கா நடத்தினாங்க. கோர்ட்டுல கேஸ் இருக்குன்னா சொத்து இருக்குன்னுதானே அர்த்தம்னு ஊர் நம்புச்சு. மாமனார் வேற நீதி மந்திரியா இருந்தவர், கேக்கணுமா.

1902ல கடைசியா பெட்டியைத் திறந்தப்போ உள்ள ஒரு செங்கலும் ஒரு இங்கிலாந்து அரைப் பென்னி காசும் இருந்துச்சுன்னு சொல்வாங்க.

எனக்கு இந்தக் கதையில உறுத்துற இடம் பெட்டி இல்ல. அந்த வீட்டை நிர்வாகம் பண்ணிட்டு இருந்த குடும்பம். ஓவியர் மத்தீஸோட மாமியார் அங்கதான் வேலை பார்த்தாங்க. மோசடி வெடிச்சதும் ஹம்பெர்ட் குடும்பம் ராத்திரியோட ராத்திரியா கம்பி நீட்டிட்டாங்க, மத்தீஸோட மாமனாரைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. அப்புறம்தான் அவர் மேல தப்பில்லேன்னு வெளிய விட்டாங்க. உண்மையா உழைச்ச குடும்பம்ங்க அது.

ஜூன் 5, இரவு

உங்களுக்கு இதுல என்ன அக்கறைன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சொல்றேன்.

நான் முன்னாடி ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல வேலை பார்த்தேன், ஹோட்டல் பேரு வேண்டாம். ஒருத்தர் வந்தார், பெரிய தொழிலதிபர் குடும்பத்து மருமகன்னு அறிமுகம். அவரா சொல்லல, முந்தின நாளே "ஆபீஸ்ல இருந்து" ஒரு பொண்ணு போன் பண்ணி சொல்லிடுச்சு. என்கூட ரிசப்ஷன்ல வேலை பார்த்த பையன் வழக்கம் போல வந்தவர்கிட்ட ஐடி கேட்டான். அவர் கோவப்படல, லேசா சிரிச்சார். பக்கத்துல நின்ன மேனேஜர்தான் பதறிப்போய் "சாரை உள்ள அனுப்புப்பா, அப்புறம் பாத்துக்கலாம்"னார். அந்த அப்புறம் வரவே இல்ல. அட்வான்ஸும் இல்ல, ஆபீஸ்ல இருந்து டிரான்ஸ்ஃபர் வரும்னு சொன்னாங்க.

ஆள் தங்கம் மாதிரி நடந்துகிட்டார். ரூம் பாய் பேரு ஞாபகம் வெச்சுப்பார், அவன் குழந்தைக்கு உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிப்பார், டிப்ஸ் தாராளம். நைட் ஆடிட் நான்தான் பாப்பேன். அவரோட பில்லை எல்லாம் அடுக்கும்போது கையெழுத்து கண்ணுல பட்டுச்சு. முதல் பில்லுல முழுப் பேரு, வளைச்சு வளைச்சு அழகா. அடுத்ததுல பாதிப் பேரு. அப்புறம் வெறும் ஒரு கோடு, கீழ ரெண்டு புள்ளி. மனுஷன் கையெழுத்து அவசரத்துல மாறும்தான், ஆனா ஒரே ஆளோட கை ஒரு எழுத்தை ஆரம்பிக்கிற இடம் அவ்ளோ சுலபமா மாறாதுன்னு எனக்குப் பட்டுச்சு. இதுல அதுவே மாறியிருந்துச்சு. மேனேஜர்கிட்ட காட்டினேன். "பெரிய இடம், உனக்கெதுக்கு"ன்னார்.

அதே வாரம் ஒரு கூலித் தொழிலாளி, மனைவிக்கு வைத்தியம் பாக்க வந்தவர், ஒரு ராத்திரிக்கு ரூம் கேட்டார். அவர்கிட்ட ஐடி வாங்கி, மனைவிகிட்டயும் ஐடி வாங்கி, கல்யாணம் ஆனதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கான்னு கேட்டு, முழு அட்வான்ஸ் வாங்கி, அதுக்கப்புறம்தான் சாவி. அந்தம்மா சோபாவுல உக்காரக்கூட தயங்கி நின்னுட்டே இருந்தாங்க.

மருமகன் ஒரு நாள் காலையில வாக்கிங் போனவர் திரும்பல. பில் கட்ட யாரும் இல்ல, போன் பண்ண பொண்ணோட நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சம்பளத்துல பிடிச்சது யார்கிட்ட தெரியுமா? முதல் நாள் ஐடி கேட்டான் பாருங்க, அந்தப் பையன்கிட்ட. செக்-இன் ரெஜிஸ்டர்ல அவன் இனிஷியல் இருக்காம், அதனால பொறுப்பு அவனாம். அவனுக்கு என்னங்க பேராசை?

ஜூன் 6

பேராசை பத்தி ஒரு திருத்தம். கடன் குடுக்குறவங்ககிட்ட அது நல்லாவே இருந்துச்சு. சாட்விக்குக்கு கடன் குடுத்த பேங்க்காரங்க கொழுத்த வட்டிக்குத்தான் குடுத்தாங்க, எப்படியும் கார்னெகி சொத்து வரும், வந்ததும் சேத்து வசூல் பண்ணிக்கலாம்னு. ஹம்பெர்ட் விஷயத்துலயும் அதே கதை. அதனால மேல இருந்தவன் ஆசைப்பட்டான், கீழ இருந்தவன் பணிஞ்சு போனான்னு பிரிச்சுப் பாக்கணும். ரெண்டு பேரையும் "ஏமாந்தவங்க"ன்னு ஒரே பட்டியல்ல போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஜூன் 6, சாயங்காலம்

கோபெனிக் கேப்டன் கதையை ஒருத்தர் ஞாபகப்படுத்தியிருக்கார், நன்றி. வில்ஹெல்ம் வோய்க்ட், செருப்புத் தைக்கிறவர், வாழ்க்கையில பாதி ஜெயில்லயே கழிச்சவர். 1906 அக்டோபர் 16, பழைய துணிக்கடையில வாங்கின ராணுவ கேப்டன் யூனிஃபார்மைப் போட்டுட்டு தெருவுல போய்ட்டு இருந்த சிப்பாய்ங்களை நிறுத்தி, என் பின்னாடி வாங்கடான்னார். வந்தாங்க. பெர்லினுக்குப் பக்கத்துல கோபெனிக் நகர மண்டபத்துக்குள்ள போய் மேயரை அரெஸ்ட் பண்ணி, கஜானாவுல இருந்து சுமார் 4000 மார்க் எடுத்து, அதுக்கு ரசீதும் எழுதிக் குடுத்துட்டு போனார். மேயர் படிச்சவர். ஆனாலும் இந்த உத்தரவை யார் போட்டதுன்னு கடைசி வரைக்கும் நிலையா நின்னு கேக்க முடியல.

இவரை மத்தவங்களோட சேக்க எனக்கு மனசு வரல. ஜெயில்ல இருந்து வந்தவர்னு எந்த ஊர்லயும் தங்க விடாம போலீஸ் துரத்திட்டே இருந்துச்சு, பாஸ்போர்ட் ஒண்ணுக்காகத்தான் பண்ணேன்னு சொன்னார். நாலு வருஷம் தண்டனை, 1908ல ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரே மன்னிச்சு விட்டார். நிஜப் பேரோட போனப்போ ஒரு குடியிருப்பு அனுமதி கூட கிடைக்காத மனுஷனுக்கு, யூனிஃபார்ம் மாட்டினதும் ஒரு நகரமே கிடைச்சிருக்கு. நேத்து நான் சொன்ன கூலித் தொழிலாளியையும் மருமகனையும் இதோட பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ஜூன் 7

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குறாங்க. நடை உடை பேச்சை வெச்சு கண்டுபிடிக்கவே முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. அவன் அதுல உங்களை விட கில்லாடி. ஆதாரத்தை அவன் கையில இருந்து வாங்காம நீங்களா நேரா போய்ப் பாக்கணும், வேற வழியே இல்ல.

அன்னா சோரோக்கின் விஷயம் இதுக்கு நல்ல உதாரணம். நியூயார்க்ல அன்னா டெல்வின்னு பேரு வெச்சுகிட்டு ஜெர்மன் பணக்கார வாரிசா வலம் வந்தா, 6 கோடி யூரோ டிரஸ்ட் இருக்குன்னு கதை. ஹோட்டல் ஊழியர்களுக்கு 100 டாலர் நோட்டா டிப்ஸ். அப்பா ரஷ்யாவுல லாரி ஓட்டினவர். 2016 கடைசியில ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்துல பெரிய கடன் கேட்டா, கணக்கு வழக்கு சரிபார்க்குற செலவுக்கு 1 லட்சம் டாலர் கட்டுன்னாங்க, அதை இன்னொரு பேங்க்ல ஓவர்டிராஃப்ட் வாங்கி கட்டினா! ஒரு பெரிய இடம் குடுத்த காசு இன்னொரு பெரிய இடத்துல நம்பிக்கையா மாறிடுச்சு. அந்த நிறுவனத்துக்காரங்க "சரி, சுவிட்சர்லாந்து போய் உங்க சொத்தை நேர்ல பாத்துட்டு வர்றோம்"னு சொன்னதும், எனக்கு கடனே வேண்டாம்னு விலகிட்டா, செலவானது போக மீதிப் பணமும் அவ கைக்கு வந்துடுச்சு. அத்தனை மாசம் போட்ட பில்டப், டிக்கெட் போட்டுப் போய்ப் பாக்குறோம்னு சொன்ன ஒரு பேச்சுல முடிஞ்சுது. 2019ல 4 முதல் 12 வருஷம் வரைன்னு தண்டனை.

மொராக்கோவுக்கு கூட்டிட்டு போய் தோழியோட கார்டுல 62,000 டாலர் ஏத்தின விஷயம் இருக்கே, அதுல ஜூரி அவளை விடுவிச்சுட்டாங்க. ஹோட்டல், பேங்க் பணத்துக்கு தண்டனை கிடைச்சுது, அந்தப் பொண்ணோட பணத்துக்கு கிடைக்கல. எனக்கு அது இன்னும் ஆறல.

ஜூன் 7, ராத்திரி

ஆண்டனி ஜிக்நாக் பத்தி ரெண்டு வரி. கொலம்பியாவுல பொறந்து அமெரிக்காவுல தத்துப் போன ஆள், சவுதி இளவரசன் காலித்னு சொல்லிகிட்டு மயாமியில முதலீடுன்னு சுமார் 80 லட்சம் டாலர் சுருட்டினான். கார்ல தூதரக நம்பர் பிளேட், அதுவும் போலி. அரச மரபுன்னு சொல்லி சந்திக்க வர்றவங்களையே பரிசு கொண்டு வர வெச்சான்! கடைசியில அவன் பன்றி இறைச்சி சாப்பிடுறதைப் பாத்துதான் ஒரு பெரிய ஹோட்டல் முதலாளி தரப்புக்கு சந்தேகம் வந்து விசாரிக்க ஆரம்பிச்சாங்க. 2019ல 18 வருஷம்.

ஜூன் 9

எல்லாரையும் சந்தேகப்பட்டா நிஜமான ஆள் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டவருக்கு. நியாயமான கேள்வி. வங்காளத்துல பாவல் ஜமீன் வழக்கு தெரிஞ்சிருக்கும். அந்த ஜமீனோட ரெண்டாவது வாரிசு, குமார்னு சொல்வாங்க, அவர் 1909ல டார்ஜிலிங்ல இறந்துட்டார்னு சொன்னாங்க. 1921ல டாக்காவுல ஒரு சாமியார், உடம்பெல்லாம் சாம்பல் பூசிகிட்டு, அவர்தான் குமார்னு சொந்தக்காரங்க அடையாளம் சொன்னாங்க. மனைவி கடைசி வரைக்கும் ஏத்துக்கல. 1930ல வழக்கு, 1936ல சாமியார்தான் குமார்னு தீர்ப்பு, 1940ல கல்கத்தா ஹைகோர்ட்டும் அதையே சொல்லுச்சு, 1946ல லண்டன் ப்ரிவி கவுன்சில்லயும், அதாவது அப்போ இருந்த கடைசி மேல்முறையீட்டு இடத்துலயும் நின்னுச்சு. மச்சம், தழும்பு, கையெழுத்துன்னு ஒண்ணு விடாம சாட்சி விசாரிச்சாங்க. நான் சொல்ற விசாரணைன்னா அந்த மாதிரி. பெரியவரா சின்னவரான்னு பாக்காம கேக்குறது. நிஜமானவருக்கு அதனால நஷ்டம் இல்ல, தாமதம்தான்.

இதுக்கு நேர் எதிர் இங்கிலாந்துல டிச்போர்ன் வழக்கு. 1854ல கடல்ல காணாமப்போன மகன் ரோஜர் உயிரோட இருக்கான்னு நம்பி பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டே இருந்தாங்க ஒரு தாய். ஆஸ்திரேலியாவுல கசாப்புக்கடை வெச்சிருந்த ஒருத்தன் நான்தான் அதுன்னு வந்தான். ரோஜர் பாரிஸ்ல வளர்ந்த பையன், வந்தவனுக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை வராது. அந்தம்மா ஏத்துகிட்டாங்க, 1867ல, பாத்த மாத்திரத்துல. அவங்க செத்ததுக்கு அப்புறம் கோர்ட் அவனுக்கு 14 வருஷம் குடுத்துச்சு. அந்தத் தாயையும் பேராசைக்காரின்னு சொல்வீங்களா? மகன் வேணும்னு ஆசைப்பட்டாங்க, வேறென்ன.

ஜூன் 11

பழைய கதையா சொல்றேன்னு ஒருத்தருக்கு வருத்தம். சரி, புதுசு. பிரான்ஸ்ல அப்போ பாதுகாப்பு மந்திரியா இருந்த ழான் ஈவ் லு த்ரியான் மாதிரி சிலிக்கான் முகமூடி மாட்டிகிட்டு, பின்னாடி கொடி வெச்சு, வீடியோ கால்ல பெரிய பெரிய ஆளுங்களைக் கூப்பிட்டு, தீவிரவாதிங்க பிடிச்சு வெச்சிருக்குறவங்களை மீட்க ரகசியமா பணம் வேணும்னு கேட்ட கும்பல் இருந்துச்சு. கோடிக்கணக்குல யூரோ போச்சு. தலைவனுக்கு 2020ல பாரிஸ் கோர்ட்டு 11 வருஷம் குடுத்துச்சு. ஏமாந்தவங்க தேசத்துக்கு உதவுறோம்னு நினைச்சு குடுத்தாங்க.

2024ல ஹாங்காங்ல ஒரு ஊழியர், கம்பெனியோட நிதித் தலைவரும் மத்தவங்களும் இருந்த வீடியோ மீட்டிங்ல சொன்னதைக் கேட்டு 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிட்டார். மீட்டிங்ல இருந்த முகம் பூரா கம்ப்யூட்டர்ல செஞ்சது. அவருக்கு முதல்ல சந்தேகம் இருந்துச்சு, ரகசியப் பரிவர்த்தனைன்னு மெயில் வந்ததால. மேலதிகாரி முகத்தைப் பாத்ததும் அந்தச் சந்தேகம் அடங்கிடுச்சு. அதேதான் "டிஜிட்டல் அரெஸ்ட்"னு இந்தியாவுல நடக்குறதும், வீடியோவுல யூனிஃபார்ம், போலி கோர்ட், போலி நீதிபதி, வீட்ல யார்கிட்டயும் சொல்லாதேன்னு மிரட்டல். சட்டத்துல அப்படி ஒரு கைதே கிடையாது. அப்படி கால் வந்தா கட் பண்ணிட்டு 1930ங்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க. பெரிய தொழில் குழுமத் தலைவர் ஒருத்தரே 2024ல 7 கோடி ரூபாய் குடுத்துட்டார்னா, சாதாரண ரிட்டையர் ஆன ஆளு பயந்ததுல என்ன குத்தம்.

ஜூன் 14

முதல்ல கேள்வி கேட்டவர் தனியா எழுதியிருந்தார், அவர் சொல்லச் சொன்னதால இங்க எழுதுறேன். அவரோட நண்பர் ஒருத்தர் இப்படி மாட்டியிருக்கார், புகார் குடுக்க வெக்கப்படுறார், இன்னும் "அவர் நல்லவர்தான், ஏதோ சிக்கல்ல இருக்கார்"னு சொல்றாராம். அதுல இவருக்கு கோவம், அந்தக் கோவத்துலதான் அப்படிக் கேட்டிருக்கார். இப்போ புரியுது.

கோவப்படாதீங்க. க்ரெகர் மெக்ரெகர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரன், மத்திய அமெரிக்காவுல போயாய்ஸ்னு இல்லாத ஒரு நாட்டுக்கு தான் ராஜான்னு சொல்லி, 1822ல லண்டன்ல 2 லட்சம் பவுண்டுக்கு கடன் பத்திரம் வித்து, ரெண்டு கப்பல்ல சுமார் 250 பேரை அனுப்பினான். கையில இருந்த பவுண்டை மாத்திக்க போயாய்ஸ் நோட்டு கூட அச்சடிச்சுக் குடுத்தான். போய் இறங்கினா வெறும் காடு. காய்ச்சல்ல பாதிக்கு மேல செத்தாங்க. பிழைச்சு வந்ததுல சிலர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் உட்பட, மெக்ரெகர் மேல தப்பில்ல, கூட இருந்தவங்கதான் கெடுத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. அவன் கெட்டவன்னு ஒத்துகிட்டா, பிள்ளை எதுக்குச் செத்துச்சுங்கிற கேள்வியை அந்த அப்பன் எங்க கொண்டு போய் வைப்பான்? உங்க நண்பரும் அந்த இடத்துலதான் நிக்கிறார். பேராசைன்னு நீங்க ஒரு வார்த்தை விட்டா வாயே திறக்க மாட்டார்.

அவர்கிட்ட சொல்ல வேண்டியது: மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம், கோவத்துல அவனை பிளாக் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கட்டும். பணம் போன தேதி, அக்கவுண்ட் நம்பர் ஒரு தாள்ல எழுதட்டும். பேங்க்குக்கு முதல்ல, அப்புறம் போலீஸ். தனியா அனுப்பாதீங்க, கூடப் போங்க.

ஜூன் 15

ஒண்ணு விட்டுப்போச்சு. புகார் குடுத்தாலும் குடுக்காட்டியும், கொஞ்ச நாள்ல அவருக்கு ஒரு போன் வரலாம். வக்கீல்னு சொல்வாங்க, இல்லேன்னா மோசடித் தடுப்பு அதிகாரின்னு சொல்வாங்க. உங்க பணம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டோம், மீட்டுத் தர ஒரு சின்ன ஃபீஸ் கட்டணும்னு ரொம்ப மரியாதையா பேசுவாங்க. ஏமாந்தவங்க நம்பர் பட்டியலை இவங்களுக்குள்ளயே வித்துக்குவாங்க. கட்டக்கூடாது. எந்த ஆபீஸ், என்ன பதவின்னு கேட்டு வெச்சுட்டு போனை வெச்சுடச் சொல்லுங்க, அந்த ஆபீஸோட நம்பரை அவரே தேடி எடுத்து அவரே கூப்பிடட்டும்.